தானே முடிவெடுக்கும் நாய்: வீட்டுக்குள் ஜாக் ரஸ்ஸல் டெரியர்

ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்த்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் வரும். இதைப் போல ஒரு நாய் கிடையாது, இனி வேறு எந்த இனமும் எங்கள் வாசற்படி ஏறாது என்பார்கள் ஒரு சாரார். சோபா போயிற்று, தோட்டம் போயிற்று, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தையும் போயிற்று, கடைசியில் நாயையே வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம் என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது ஒரே குணத்தைப் பற்றி என்பது என் கருத்து. மனிதரின் சொல்லுக்குக் காத்திராமல் தானே முடிவெடுப்பதுதான் அந்தக் குணம். இந்த நாயின் துணிச்சல், கூர்மை, விளையாட்டுத்தனம், பிடிவாதம், குரைப்பு, சண்டை எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. வீட்டுத் துணையாக இது ஏற்றதா என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் அந்த வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆறு கிலோவை ஒட்டிய எடை, முழங்காலுக்கும் கீழே நிற்கும் உயரம், வெள்ளை உடம்பில் பழுப்போ கறுப்போ திட்டுத் திட்டாக. பார்த்தவுடன் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் இதை உருவாக்கியவர்களின் மனத்தில் மடி இல்லவே இல்லை. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற கிராமத்தில் நீண்ட காலம் பாதிரியாராக இருந்தவர் ஜான் ரஸ்ஸல். 1795 முதல் 1883 வரை வாழ்ந்தவர். ஆராதனையும் பிரசங்கமும் போக மிச்ச நேரமெல்லாம் நரி வேட்டையிலேயே கழித்தவர். ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். 1819-இல் நடந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வெள்ளை நாய், இரு கண்களின் மேலும் காதுகளின் மேலும் பழுப்புத் திட்டு, வாலின் அடியில் காசளவு ஒரு புள்ளி. அதிலிருந்து தொடங்கியதுதான் அவருடைய நாய்க் கால்வழி. 1873-இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ரஸ்ஸலும் ஒருவர். கண்காட்சிகளில் ஃபாக்ஸ் டெரியர்களுக்கு நடுவராகவும் இருந்தார். ஆனால் தன் நாய்களைக் கண்காட்சிக்கு ஏற்ற அழகு நாய்களாக மாற்ற அவர் விரும்பவில்லை. வேலைதான் அவருக்கு அளவுகோல்.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நரி வேட்டையில் பெரிய ஹவுண்ட் நாய்கள் கூட்டமாக மோப்பம் பிடித்து நரியை விரட்டும். பின்னால் குதிரைகள். நரி தப்பி மண்ணுக்குள் வளையில் புகுந்துவிட்டால் பெரிய நாய்களால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது டெரியரை உள்ளே விடுவார்கள். குறுகிய சுரங்கம், கும்மிருட்டு, எதிரே பல்லைக் காட்டும் நரி. அங்கே நரியைக் கொல்லக் கூடாது. கொன்றால் வேட்டை முடிந்துவிடும். பின்வாங்கவும் கூடாது. விடாமல் குரைத்து, நெருக்கி, நரியை வெளியே ஓட வைக்க வேண்டும். நரி அசையாவிட்டால், மேலே மண்வெட்டியோடு நிற்கும் ஆட்களுக்கு எங்கே தோண்டுவது என்று தெரிவதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தன் நாய்கள் ரத்தம் ருசித்ததில்லை என்று ரஸ்ஸல் பெருமைப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இந்த வேலைக்கான தேர்வு எத்தனை கறாராக இருந்தது என்பது இன்றைக்கும் நாயின் உடம்பில் தெரியும். மார்புக்கூட்டை ஒரு மனிதரின் இரண்டு கைகளும் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் வளைக்குள் நுழையாது. இன்றும் கண்காட்சி நடுவர்கள் நாயின் முன்கால்களுக்குப் பின்னே இரு கைகளையும் கோத்து அளந்து பார்க்கிறார்கள். வெள்ளை நிறம், மண்ணிலிருந்து வெளியே பாய்வது நரியா நாயா என்று ஹவுண்டுகளும் ஆட்களும் குழம்பாமல் இருப்பதற்காக. ஆனால் கையால் அளக்க முடியாத தேர்வுதான் நமக்கு முக்கியம். வளைக்குள் எஜமானின் குரல் எட்டாது, கைச்சைகை தெரியாது. முன்னேறுவதா, நிற்பதா, எந்தக் கிளைச் சுரங்கத்தில் திரும்புவது, எப்போது குரைப்பது என்று நாய் தனியாகவே தீர்மானிக்க வேண்டும். தலையைத் திருப்பி உத்தரவு கேட்கும் நாய் அங்கே பயனில்லை. அப்படிப்பட்டவற்றிலிருந்து குட்டி எடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக, கேட்காமலே செய்யும் நாய்களிலிருந்துதான் குட்டி எடுத்தார்கள்.

ஆட்டு மந்தை மேய்க்கும் பார்டர் கோலியை இதற்கு நேர் எதிரே நிறுத்திப் பார்க்கலாம். மேய்ப்பரின் சீழ்க்கைக்கு ஏற்ப அது இடமும் வலமும் திரும்பும். அதன் பாதிக் கவனம் எப்போதும் மனிதர் மேல்தான். நம் ஊர் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேறு வகை: வெட்டவெளியில் இரையைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பவை. டெரியரோ இருட்டில் மூக்காலும் செவியாலும் வேலை செய்வது, முகத்துக்கு முகம் நெருங்கி நிற்பது. வேட்டை என்பது தேடுதல், பதுங்குதல், விரட்டுதல், கவ்வுதல், கொல்லுதல் என்று தொடரும் ஒரு சங்கிலி. மனிதர்கள் ஒவ்வோர் இனத்திலும் அந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணியைப் பெரிதாக்கினார்கள். மேய்ப்பு நாயில் முறைத்துப் பார்ப்பதும் பதுங்குவதும் பெரிதாயின. டெரியரில் விரட்டுவதும் கவ்வி உதறுவதும் பெரிதாயின.

ஒரு ஜாக் ரஸ்ஸல் எலி வளையைக் கண்டுபிடிக்கும் காட்சியைக் கவனித்துப் பார்த்தவருக்கு இந்த நாயின் மனம் முழுசாகப் புரிந்துவிடும். முதலில் சத்தமே இருக்காது. தோட்டத்தில் துள்ளிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிடும். மடிந்த காதுகள் முன்னே எழும், தலை ஒரு பக்கம் சாயும், ஒரு முன்கால் பாதி தூக்கியபடி அந்தரத்தில் இருக்கும். பின்னங்கால் தொடை நடுங்கும். பயத்தில் இல்லை, அடக்கிவைத்த வேகத்தில். மூக்கு மட்டும் அசையும். அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், காதின் நுனிகூடத் திரும்பாது. பிறகு ஒரே பாய்ச்சல். முன்கால்கள் மாறி மாறி மண்ணைப் பின்னால் வீசும். வேர் குறுக்கிட்டால் பல்லால் அறுக்கும். எலி வெளியே வந்தால் கவ்வி, தலையை இரண்டு முறை உதறி, போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். தின்னாது. வேலை முடிந்த பின் நம்மைத் திரும்பிப் பார்க்கும்போது அதன் முகத்தில் தெரியும் நிறைவு, எந்தப் பிஸ்கட்டைக் கொடுத்தாலும் வராது. இந்தக் காட்சியில் இருக்கும் ஒவ்வொன்றும், நாற்காலிக்கு அடியில் உருண்டுபோன பந்துக்கும், பக்கத்து வீட்டுப் பூனைக்கும், தரைவிரிப்பின் அடியில் நெளியும் கால்விரலுக்கும் அப்படியே பொருந்தும்.

அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? நாயின் குணத்தில் மரபின் பங்கு எவ்வளவு என்று முறையாக ஆராய்ந்த முதல் பெரிய முயற்சி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் செய்தது. 1965-இல் அவர்களுடைய நூல் வெளிவந்தது. ஐந்து இனக் குட்டிகளை ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று கம்பிமுடி ஃபாக்ஸ் டெரியர், ஜாக் ரஸ்ஸலின் நெருங்கிய உறவு. மற்ற இனக் குட்டிகளெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து வளர்ந்தபோது டெரியர் குட்டிகள் மட்டும் கூடப்பிறந்தவற்றையே கும்பலாகத் தாக்கின. சில வார வயதிலேயே அவற்றைப் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. யாரும் சொல்லிக் கொடுக்காத, யாரும் அடித்துக் கெடுக்காத குட்டிகள் அவை.

2008-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டஃபி, சர்ப்பெல் முதலியோர் ஆயிரக்கணக்கான வளர்ப்பவர்களிடம் விரிவான கேள்வித்தாள் கொடுத்து, இனவாரியாக மூர்க்கத்தை அளந்தார்கள். மனிதர் மேல் பாயும் இயல்பில் மேலே வந்தவை ராட்வைலரோ பிட் புல்லோ அல்ல. டேஷண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல் ஆகிய மூன்றும்தான். முதல் முறை படிப்பவருக்கு இது அதிர்ச்சி தரும். ஆனால் அளந்தது கடிக்க முனையும் போக்கை. கடியால் விளையும் சேதத்தை அல்ல. ஆறு கிலோ நாய் பல்லைக் காட்டினால் சிரித்துவிட்டுப் போகிறோம். நாற்பது கிலோ நாய் காட்டினால் அன்றைக்கே பயிற்சியாளரைத் தேடுகிறோம். வியன்னாவில் நடந்த ஒரு ஆய்வும் இதையே காட்டியது: சிறிய நாய்களை வளர்ப்பவர்கள் பெரிய நாய் வளர்ப்பவர்களைவிடப் பயிற்சியில் சீர் இல்லாதவர்களாக, நாயோடு குறைவாகச் செயல்படுபவர்களாக இருக்கிறார்கள். ஆகவே அந்த எண்களில் பாதி நாயுடையது, பாதி நம்முடையது.

மூன்றாவது ஆய்வுதான் என் கணக்கில் மிகவும் உதவுவது. 2022-இல் சயன்ஸ் இதழில் மாரில் முதலியோர் எழுதியது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரமும், அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணு வரிசையும் அதற்கு அடிப்படை. தனியொரு நாயின் நடத்தையில் இனம் விளக்குவது சராசரியாக 9 சதவீதம்தான் என்றது அது. பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு இனத்துக்கும் குணத்துக்கும் தொடர்பே இல்லை என்று எழுதின. அது அவசர முடிவு. எளிதில் சீண்டப்படும் தன்மையை வைத்து இனத்தைச் சொல்லவே முடியாது என்ற அதே ஆய்வு, மனிதரின் சொல்லுக்கு எவ்வளவு இசைந்து நடக்கிறது என்ற குணத்தில் இனங்களுக்கு இடையே வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது என்றும் சொன்னது. நாம் பேசிக்கொண்டிருப்பது அந்தக் குணத்தைத்தானே! உங்கள் ஜாக் ரஸ்ஸல் கோபக்காரனாக இருக்குமா, சாதுவாக இருக்குமா என்று இனத்தின் பெயரைக் கொண்டு சொல்ல முடியாது. கூப்பிட்ட உடனே வருவதற்கு முன் அது யோசிக்கும் என்று மட்டும் ஓரளவு துணிந்து சொல்லலாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதா? அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியூசிலாந்தில் மனையா என்ற சிற்றூரில் 2007-இல் நடந்ததை இந்த இனத்தை நேசிப்பவர்கள் மறக்க மாட்டார்கள். கடைக்குப் போய்த் திரும்பிய ஐந்து குழந்தைகள் மேல் இரண்டு பிட் புல் நாய்கள் பாய்ந்தன. கூடப் போன ஜார்ஜ் என்ற ஜாக் ரஸ்ஸல், வயதானது, இதயக் கோளாறு உள்ளது, குறுக்கே புகுந்து நின்றது. குழந்தைகள் தப்பினார்கள், ஜார்ஜ் பிழைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. தொண்டு அமைப்பு அதற்குத் தங்கப் பதக்கம் அறிவித்தது. அந்த மன உறுதி பொய்யில்லை.

ஆனால் அதே உறுதிதான், தவழும் குழந்தை தன் எலும்பின் மேல் கை வைத்தாலும் வெளிப்படும். காது இழுப்பதை, மேலே விழுவதை, தூங்கும்போது கட்டிப்பிடிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் சகிப்பு லாப்ரடாருக்கு இருக்கும் அளவுக்கு இதற்கு இல்லை. முதலில் உடம்பை விறைக்கும், பிறகு உதட்டைத் தூக்கும், பிறகு கவ்வும். இந்த மூன்றுக்கும் இடையே இருக்கும் நேரம் குறைவு. அமெரிக்க ஜாக் ரஸ்ஸல் டெரியர் கிளப்பே சின்னஞ்சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள், நாயை நாயாக மதிக்கப் பழகியவர்கள், இருக்கும் வீட்டிலோ இது பொக்கிஷம். மாலை முழுக்க ஓடியும் களைக்காத விளையாட்டுத் தோழன் வேறு எங்கே கிடைக்கும்? தவழும் பருவத்துக் குழந்தை இருக்கிறதென்றால் நான்கைந்து வருடம் பொறுத்திருங்கள் என்பதே என் யோசனை.

மற்ற பிராணிகள் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்லலாம். முயல், வெள்ளெலி, பறவை வளர்க்கும் வீட்டில் இதைக் கொண்டுவரக் கூடாது. எத்தனை பழக்கினாலும் ஒரு நாள் கூண்டுக் கதவு திறந்திருந்தால் போதும். குட்டியிலிருந்து கூடவே வளர்ந்த பூனையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் தெருப் பூனைக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே பால் டெரியர்கள் இரண்டை ஆளில்லாத வீட்டில் சேர்த்து விட்டுப் போவது ஆபத்து. பெரிய நாயைப் பார்த்தால் ஒதுங்கத் தெரியாது என்பது இன்னும் பெரிய கவலை. தன் உருவம் சிறியது என்ற எண்ணமே அதற்குக் கிடையாது; நரிக்கு முன்னால் பின்வாங்காததைத்தானே தேர்ந்தெடுத்து வளர்த்தோம். தெருநாய்கள் நிறைந்த ஊரில் இதன் வாரைக் கையிலிருந்து விடவே கூடாது.

குரைப்பு, தோண்டல், தப்பி ஓடுதல் ஆகிய மூன்றும்தான் அக்கம்பக்கத்தாரின் புகார்ப் பட்டியல். மண்ணுக்கடியிலிருந்து மேலே கேட்க வேண்டும் என்றே வளர்த்த குரல் அடுக்குமாடிச் சுவர்களுக்கு எப்படி அடங்கும்? வேலைக்குப் போகும் தம்பதி காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஏழுக்குத் திரும்பும் வீட்டில் இந்த நாய் சீரழிந்துவிடும். மெத்தையைப் பிய்ப்பதும் கதவைச் சுரண்டுவதும் பழிவாங்கல் என்று பலர் நினைக்கிறார்கள். அது பழிவாங்கல் இல்லை. வேலை கொடுக்காவிட்டால் தனக்குத் தானே வேலை கண்டுபிடிக்கும் மனம் அது. மெத்தைக்குள் தோண்டுவது அதற்குக் கிடைத்த வளை.

இங்கே இரண்டு நடிகர்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஃப்ரேசியர் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் எடி என்ற நாயாக வந்து கோடிக்கணக்கானவர்களை மயக்கியது மூஸ் என்ற ஜாக் ரஸ்ஸல். 2011-இல் வெளிவந்து ஆஸ்கர் வென்ற தி ஆர்ட்டிஸ்ட் என்ற மௌனப் படத்தில் நடித்தது அக்கி என்ற இன்னொன்று. இரண்டும் வீடுகளால் கைவிடப்பட்ட நாய்கள். மூஸ் கடித்தது, தோண்டியது, குரைத்தது, தப்பித்தது, பூனையைத் துரத்தியது. அடக்க முடியாமல் குடும்பம் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தது. அக்கியும் அடங்காத துறுதுறுப்புக்காகத் தள்ளிவிடப்பட்டதுதான். கையில் வேலை வந்ததும் அதே துறுதுறுப்பு திறமையாயிற்று. ஆனால் திரையில் அவற்றைப் பார்த்தவர்கள் கண்டது, சொன்னவுடன் படுக்கும் சமர்த்து நாயை. அதற்குப் பின்னே தினசரிப் பயிற்சி இருப்பது தெரியாமல் குட்டி வாங்கினார்கள். இனத்தின் புகழ் அதற்கே தீங்காக முடிந்தது; புகழ் ஏறிய வருடங்களில் அமெரிக்க ஜாக் ரஸ்ஸல் அமைப்புகள் கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடுவதையே பெரும் வேலையாகச் செய்ய வேண்டி வந்தது.

உக்ரைனின் பட்ரோனும் இதே கதையின் நல்ல பக்கம். செர்னிஹிவ் நகரில் கண்ணிவெடி அகற்றும் பிரிவோடு திரியும் இந்த ஜாக் ரஸ்ஸல் வெடிபொருளை மோப்பத்தால் காட்டிக் கொடுக்கிறது. 2022 மே மாதம் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி அதற்குப் பதக்கம் வழங்கினார். உடம்பு லேசு என்பதால், எடை பட்டால் வெடிக்கும் கண்ணிகள் இருக்கும் இடத்தில் அதற்கு ஆபத்தும் குறைவு. வேட்டை நாயின் மூக்கும் விடாப்பிடியும் அங்கே உயிர் காக்கின்றன.

அப்படியானால் வெடிகுண்டும் சினிமாவும் இல்லாத சாதாரண வீட்டில் என்ன வேலை கொடுப்பது? பலர் செய்வது பந்து எறிவது. மணிக்கணக்கில் எறிவார்கள், நாயும் மணிக்கணக்கில் ஓடும். உடம்பு வலுப்பெறும், மூளை சூடேறும். வீட்டுக்கு வந்த பின்னும் மூச்சிரைக்கப் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை கொடுப்பதே இந்த இனத்தை உண்மையில் களைக்க வைக்கிறது. உணவைத் தட்டில் வைக்காமல் துணிச் சுருள்களுக்குள்ளும் அட்டைப் பெட்டிகளுக்குள்ளும் ஒளித்துத் தேட விடலாம். தோட்டத்தில் ஒரு மூலையை, நான்கடிக்கு நான்கடி, மணல் நிரப்பி அதன் தோண்டும் இடம் என்று ஒதுக்கி, பொம்மையைப் புதைத்து வைக்கலாம்; மற்ற செடிகள் பிழைக்கும். கயிறு இழுக்கும் விளையாட்டு மூர்க்கத்தை வளர்க்கும் என்று பயப்பட வேண்டாம். இழு என்றால் இழுக்கவும் விடு என்றால் விடவும் பழக்கிவிட்டால், கவ்வி உதறும் ஆசைக்கு அதைவிட நல்ல வடிகால் இல்லை. மேலை நாடுகளில் செயற்கைச் சுரங்கங்களில் டெரியர்களை விடும் போட்டிகளும், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே காற்று புகும் குழாய்க்குள் பத்திரமாக இருக்கும் எலியைக் கண்டுபிடிக்கும் போட்டிகளும் நடக்கின்றன. தடை தாண்டி ஓடும் ஃப்ளைபால் அஞ்சலோட்டத்தில் தடையின் உயரத்தை அணியின் குட்டையான நாயை வைத்தே தீர்மானிப்பார்கள் என்பதால் ஜாக் ரஸ்ஸலுக்கு அங்கே நல்ல கிராக்கி.

பயிற்சியில் இதன் அறிவைப் பற்றி யாருக்கும் குறையில்லை. இரண்டு மூன்று முறையில் கற்றுக்கொள்ளும். கற்றதைச் செய்வதா என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் எடை போடும். அதட்டலும் அடியும் இங்கே வேலைக்கு ஆகாது. நரியின் பல்லுக்குப் பின்வாங்காத நாய் உருட்டிய செய்தித்தாளுக்குப் பின்வாங்குமா? திருப்பி உறுமும், அந்த உறுமலையும் அடித்து அடக்கினால், எச்சரிக்காமல் கடிக்கக் கற்றுக்கொள்ளும். சொன்னதைச் செய்தால் லாபம் என்று அதற்குத் தோன்ற வேண்டும். சிறு துண்டு கோழி இறைச்சி, உடனே, ஒவ்வொரு முறையும். பிறகு சிறிது சிறிதாக விட்டு விட்டு. நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் பல முறை செய்யுங்கள். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதையே வாழ்நாளெல்லாம் இயல்பாக ஏற்கும் என்பதும் பார் ஹார்பர் ஆய்வு நமக்குத் தந்ததுதான். அந்த வாரங்களில் குழந்தைகள், கூர்க்கா, குடை, மிக்சி சத்தம், மற்ற நாய்கள் எல்லாம் அதற்கு நல்லவிதமாக அறிமுகமாக வேண்டும். வேலியில்லாத இடத்தில் அவிழ்த்து விடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எத்தனை பயிற்சி பெற்றிருந்தாலும், சாலைக்கு அப்பால் ஒரு அணில் ஓடினால் அந்தப் பயிற்சி முழுவதும் ஒரு நொடியில் காணாமல் போகும். நடுவில் லாரி வருவது அதற்குத் தெரியாது. நீண்ட கயிறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளையே அடுக்கிக்கொண்டு போனால் இந்த நாய்க்கு அநியாயம் செய்தவனாவேன். இதை வளர்த்தவர்கள் வேறு இனத்துக்குப் போகாததற்குக் காரணம் இருக்கிறது. ஜாக் ரஸ்ஸல் வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் யாரும் தனியாக இருக்க முடியாது. சமையலறைக்குப் போனால் வரும், குளியலறைக் கதவின் கீழ் மூக்கை நீட்டும், இரவு போர்வைக்குள் கடைசி வரை புகுந்து கால்மாட்டில் சுருண்டு கொள்ளும். வளை அங்கேயும் தேவைப்படுகிறது. ஆனால் இந்த ஒட்டுதலில் கெஞ்சல் கிடையாது. சம அந்தஸ்துள்ள ஒருவர் நம்மோடு இருக்க முடிவெடுத்தது போன்ற நட்பு அது. மனிதர் முகத்தைப் படிப்பதில் சூரன். துணிச்சலுக்கு உதாரணம் வேண்டுமானால் போத்தி இருக்கிறது. பிரிட்டிஷ் சாகசப் பயணி ரானல்ஃப் ஃபைன்ஸ் தம்பதியின் ஜாக் ரஸ்ஸலான அது, 1979 முதல் 1982 வரை நடந்த உலகச் சுற்றுப் பயணத்தில் தென் துருவத்திலும் வட துருவத்திலும் கால் பதித்தது. வேறு நாய்க்கு அந்தப் பெருமை இல்லை. அண்டார்டிகாவுக்குள் நாய்களைப் பின்னர் தடை செய்துவிட்டதால் இனியும் யாருக்கும் வாய்க்காது.

தமிழ் வீடுகளுக்கும் ஒரு டெரியர் மூன்று தலைமுறையாகப் பழக்கம். கிராமபோன் குழாயின் முன்னே தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. நாயைத்தான் சொல்கிறேன். பிரிஸ்டல் நகரத்து நிப்பர் அது. ஓவியர் ஃபிரான்சிஸ் பாரோ வரைந்தார். எந்த டெரியர் என்பதில் வழக்கு உண்டு. ஜாக் ரஸ்ஸல் என்போரும் ஃபாக்ஸ் டெரியர் கலப்பு என்போரும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வருபவர்களின் கெண்டைக்காலைக் கவ்வியதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இசைத்தட்டு உறையில் பார்த்த அந்த அமைதியான உருவத்துக்குள் இருந்ததும் இதே குணம்தான்.

இப்போது நம் நகரங்களிலும் ஜாக் ரஸ்ஸல் குட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. குட்டை முடி என்பதால் வெயிலை ஓரளவு தாங்கும். ஆனால் சூடு ஏறுவதை உணர்ந்து தானாக நிற்கத் தெரியாது, நாம்தான் நிறுத்த வேண்டும். விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் நடை. தோட்டமுள்ள வீட்டில் பெருச்சாளித் தொல்லை தீரும் என்று மகிழ்பவர்கள் பாம்பையும் நினைக்க வேண்டும். சாரையா நல்ல பாம்பா என்று அது பார்க்காது. புற்றைக் கண்டால் மூக்கை விடும். பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருக்கும் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதை நாய் வருமுன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

குட்டி எந்த மரபில் வந்தது என்பதும் குணத்தைத் தீர்மானிக்கிறது. கால் நீண்ட வகையை பிரிட்டிஷ் கென்னல் கிளப் 1990-இல் அங்கீகரித்தது. இன்று அதன் பெயர் பார்சன் ரஸ்ஸல். கால் குட்டையான, 25 முதல் 30 சென்டிமீட்டர் உயர வகை ஆஸ்திரேலியாவில் சீரமைக்கப்பட்டு, 2016-இல் பிரிட்டனில் ஜாக் ரஸ்ஸல் என்ற பெயரிலேயே ஏற்கப்பட்டது. வேலை நாய்ச் சங்கங்களோ இந்த அங்கீகாரத்தையே எதிர்த்தன. கண்காட்சிக்குப் போனால் அழகு மிஞ்சி உழைப்பு போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். ரஸ்ஸல் பாதிரியாரும் அதைத்தான் நினைத்தார். அந்த உழைப்புக்கு இன்று இடமும் சுருங்கிவிட்டது: 2005 முதல் நாய்க்கூட்டத்தைக் கொண்டு நரி வேட்டையாடுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டவிரோதம். வளைக்குள் டெரியர் விடுவதற்கும் குறுகலான விதிவிலக்கு ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் வளர்ப்பவரின் நிலையிலிருந்து பார்த்தால், பல தலைமுறை வேலை பார்த்த பெற்றோரின் குட்டியைவிட, வீட்டிலேயே பழகிய பெற்றோரின் குட்டி சற்றே எளிது. சற்றேதான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். லண்டனின் ராயல் வெட்டர்னரி கல்லூரி 2022-இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய் மரணப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அதில் எடுத்துக்கொண்ட இனங்களில் ஜாக் ரஸ்ஸலுக்கே ஆயுள் அதிகமாக இருந்தது: சராசரி 12.72 ஆண்டு. ஃபிரெஞ்சு புல்டாக்கின் கணக்கு 4.53. பத்து வயதிலும் சுவர் தாண்டும் ஜாக் ரஸ்ஸல்கள் சாதாரணம். ஆகவே பள்ளிக்குப் போகும் மகளுக்காக வாங்கும் நாய், அவள் கல்லூரி முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். அப்போது அதன் காலை நடை அப்பாவுடையதா அம்மாவுடையதா என்பது இன்றைக்கே பேசி முடிவாக வேண்டிய விஷயம்.

வாங்க முடிவெடுத்தவர் குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பார்க்க வேண்டும். அறிமுகமில்லாத உங்களைக் கண்டு தாய் குரைக்கலாம்; இரண்டு நிமிடத்தில் அடங்கி வந்து மோந்து பார்க்கிறதா என்று கவனியுங்கள். கண் வில்லை இடம்பெயரும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக உண்டு, மூன்று வயதுக்கு மேல் வெளிப்பட்டுப் பார்வையைப் பறிக்கும். பெற்றோருக்கு அதற்கான மரபணுச் சோதனை செய்திருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளை மிகுந்த குட்டிகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை இருக்கலாம். ஐந்தாறு வாரத்திலேயே செவித்திறனைச் சோதிக்க முடியும், குறைந்தது குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டியாவது பாருங்கள். முதல் முறையாக நாய் வளர்ப்பவர் என்றால், குட்டிக்குப் பதில் நான்கைந்து வயதான, யாரோ விட்டுப்போன ஜாக் ரஸ்ஸலை எடுத்துக்கொள்ளலாம். பூனையைப் பார்த்தால் என்ன செய்யும், குழந்தையிடம் எப்படி, தனியே விட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் அந்த வயதில் வெளியே தெரிந்துவிடும். அதை இரண்டு மூன்று முறை நடைக்குக் கூட்டிப் போங்கள். ஒரு முறையாவது, உங்கள் வீட்டு எல்லாரோடும் சேர்ந்து.